தேய்ந்துபோன கருநீலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்துக்கு அருகில் குடும்பத்துடன் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களோடு மாதம் இருமுறை சுடுதளத்துக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அண்மையில் உரிமம் பெற்ற கடையொன்றில், காவல்துறை பயன்படுத்திக் கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். சுடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் குழல் முனையின் இருபுறமும் சிலிண்டரின் முன்விளிம்பும் கருநிறம் போய் வெள்ளையாக மின்னுகின்றன. கைப்பிடியை ஒட்டிய பின்பக்க இரும்பில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்றும் விழுந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, அரிவாள்மனையைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். கடைக்காரரோ சின்னப் புட்டியில், இரும்புக்குக் கருநீலம் ஏற்றும் ப்ளூயிங் மருந்து ஒன்றைக் கொடுத்து, தடவினால் புதிதாகிவிடும் என்றார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதியை மட்டும் கேளுங்கள். உங்கள் அம்மா சொன்னதில் எண்ணெய் தடவ வேண்டும் என்பது சரி. புளி கூடவே கூடாது. கடைக்காரர் கொடுத்த மருந்து, வெள்ளையாகத் தெரியும் சிறு இடங்களைக் கண்ணுக்கு உறுத்தாமல் மறைக்க உதவும். ஆனால் அது எதையும் புதிதாக்காது. இதற்கான காரணம் தெரிந்தால் வேலையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது உங்களுக்கே விளங்கிவிடும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துப்பாக்கியின் கருநீலம் சாயமும் அல்ல, வர்ணப் பூச்சும் அல்ல. இரும்பு ஆக்சிஜனோடு சேரும்போது இரண்டு முகங்களைக் காட்டுகிறது. ஒன்று, நாம் அனைவரும் அறிந்த செந்துரு. அது பொருபொருவென்று உதிர்ந்து, ஈரத்தை உள்ளே இழுத்து, அடியிலிருக்கும் இரும்பை மேலும் மேலும் தின்னும். மற்றொன்று மேக்னடைட் என்னும் கருப்பு ஆக்சைடு. அது இரும்பின்மேல் மிக மெல்லிய படலமாக ஒட்டி நிற்கும். தொழிற்சாலையில் நன்றாக மெருகேற்றிய இரும்பை, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கரைசலில் முக்கி எடுத்து, அந்தக் கருப்பு ஆக்சைடை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். மெருகு எவ்வளவு பளபளப்போ அவ்வளவுக்கு நிறம் நீலத்தின் பக்கம் சாயும். மெருகு மட்டமாக இருந்தால் வெறும் கருப்பாகத் தெரியும். மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியதான இந்தப் படலம் தனியாக நின்று துருவைத் தடுத்துவிடாது. அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெய்தான் உண்மையான காவல். உங்கள் அம்மா எண்ணெய் தடவச் சொன்னது சரி என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

புளி ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்துக்குச் செந்துரு எது, கருப்பு ஆக்சைடு எது என்ற பேதம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைக்கும். அரிவாள்மனையில் காப்பாற்ற வேண்டிய படலம் எதுவும் இல்லாததால் அங்கே அது நல்ல மருந்து. ரிவால்வரில் அதே புளி, பழுப்புப் புள்ளியோடு அதைச் சுற்றியிருக்கும் நல்ல கருநீலத்தையும் கழற்றி, காசளவு வெள்ளைத் திட்டாக்கி விட்டுப்போகும். எலுமிச்சை, வினிகர், கடைகளில் துருநீக்கி என்று விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கூழ் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே ரகம்தான்.

உங்கள் கையிலிருக்கும் பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மலிவாகக் கிடைத்தாலும் மலிவான சரக்கு அல்ல. 1899 ஆம் ஆண்டில் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பெயரோடு வெளிவந்த இந்த 0.38 ரிவால்வர், 1957 இல் நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் எண்களைச் சூட்டியபோது மாடல் 10 ஆனது. அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட இது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் காவலர்களின் இடுப்பில் இருந்தது. 1980களிலும் 1990களிலும் காவல்துறைகள் அதிகக் குண்டு கொள்ளும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது, இவை கட்டுக்கட்டாகக் கழிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. இப்படி வருபவற்றில் பல, நாள்தோறும் தோலுறைக்குள் சென்று வெளியே வந்தவை. சுடப்பட்டது என்னவோ ஆண்டுக்கு ஒருசில பயிற்சி நாட்களில் மட்டும். எனவே வெளித்தோற்றம் தேய்ந்தும் உள்ளியக்கம் உறுதியாகவும் இருப்பது இவற்றின் இயல்பு. குழல் முனையின் இருபுறமும் சிலிண்டர் விளிம்பும் வெளுத்திருப்பது உறை உராய்ந்த தடயம். அது நேர்மையான உழைப்பின் அடையாளம் என்றே நான் பார்க்கிறேன். அப்படியே விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் தடவிவந்தாலும் ரிவால்வருக்கு ஒரு தீங்கும் வராது. சிலிண்டரைச் சுற்றியுள்ள கோடு, ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டரைப் பூட்டி நிறுத்தும் சிறு நாக்கு உரசுவதால் வருவது. அதில் மருந்து தடவினாலும் ஒரே மாலைப் பயிற்சியில் மீண்டும் தோன்றிவிடும் என்பதால், அதைத் தொடவே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கைப்பிடியோரத்துப் பழுப்புப் புள்ளிகள்தான். உள்ளங்கையின் வியர்வை உப்பு அங்கே இறங்கியிருக்கிறது. ஹூஸ்டனின் கடலோர ஈரக்காற்றில் அது சும்மா இருக்காது. ஆகவே முதல் வேலை துருவை நிறுத்துவது. நிறம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பின் தோட்டாக்கள் அனைத்தையும் வேறோர் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, இன்னொரு முறை பாருங்கள். இந்த வேலையை எத்தனை ஆண்டு செய்தவரானாலும் இதில் ஒரு படியையும் விடுவதில்லை. மரக்கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், மருந்தும் கரைப்பானும் மரத்தின் மெருகைக் கெடுக்கும். வலப்பக்கத் தகட்டின் முன்பக்கத் திருகைக் கழற்றினால், சிலிண்டரும் அதைத் தாங்கும் கையும் முன்னோக்கி நழுவி வெளியே வந்துவிடும். திருகின் வெட்டுக்குள் சரியாக நிறைந்து உட்காரும், பக்கங்கள் இணையாகச் செதுக்கப்பட்ட திருப்புளியை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டுத் திருப்புளி நழுவிப் போடும் கீறலை எந்த மருந்தாலும் மறைக்க முடியாது. அந்தத் திருகைத் தனியே ஒரு கிண்ணத்தில் வையுங்கள், மற்றத் திருகுகளோடு கலந்துவிடக் கூடாது. இதற்குமேல் எதையும் பிரிக்க வேண்டாம். பக்கத் தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தாலும் கத்தி முனையால் நெம்பாமல், திருகுகளை எடுத்துவிட்டுக் கைப்பிடிச் சட்டத்தை ஒரு கருவியின் மரப்பிடியால் மெல்லத் தட்டித் தானாக எழும்பவிட வேண்டும். ஆனால் உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

துருப் புள்ளிகளின்மேல் தாராளமாக மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டு ஓரிரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு 0000 எண்ணுள்ள மிக நுண்ணிய இரும்புப் பஞ்சை அதே எண்ணெயில் நனைத்து, குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதைப்போல லேசாகத் தேய்த்தால் பழுப்பு எண்ணெயோடு கரைந்து வரும். துணியால் துடைத்துவிட்டு மீண்டும் எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். நல்ல கருநீலம் இந்த அழுத்தத்தைத் தாங்கிவிடும். அழுத்தினால் அதுவும் போகும். பாத்திரம் துலக்கும் முரட்டு இரும்புச் சுருளை இதன் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். துரு நீங்கிய இடத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் தெரிந்தால், அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வதே நல்லது. குழி மறைய வேண்டுமானால் சுற்றிலுமுள்ள இரும்பை அந்த ஆழத்துக்கு அராவ வேண்டியிருக்கும், விலை குறைந்த ஒரு ரிவால்வரில் அது அறிவான வேலை அல்ல.

மெருகுச் சக்கரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒகாயோ மாநிலத்துப் பட்டறையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாருக்கும் சொல்லாமல் ஒரு பழைய ரிவால்வரின் குழலைத் துணிச்சக்கரத்தில் வைத்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. குழலின் மேல் பொறித்திருந்த எழுத்துகளின் விளிம்புகள் கரைந்து மங்கின, கூரான ஓரங்கள் சோப்புக்கட்டிபோல மழுங்கின, திருகுத் துளைகளைச் சுற்றிக் கிண்ணம்போலப் பள்ளம் விழுந்தது. அது யாரோ ஒருவர் தன் தந்தையின் நினைவாக வைத்திருந்த பொருள். இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது. வெளுத்த இடங்களில் கீறல் இருந்து, அதைச் சமப்படுத்த விரும்பினால், 600 எண் நீர் உப்புத்தாளை ஒரு தட்டையான அழிப்பான்மேல் சுற்றி, தொழிற்சாலை மெருகு ஓடும் திசையிலேயே சில முறை இழுத்தால் போதும். எழுத்து பொறித்த இடத்தில் அதுவும் கூடாது.

இனி அந்தப் புட்டிக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும், கொதிக்கும் தொட்டி இல்லாமல் கையாலேயே தடவும் இந்தக் குளிர்முறை மருந்துகளில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி செலீனியம் அமிலமும் தாமிர உப்பும் ஆகும். அவை இரும்பின்மேல் பட்டதும் கருநிறமான தாமிர–செலீனியச் சேர்மம் மெல்லிய படிவாகப் படிகிறது. தொழிற்சாலையில் இரும்பே கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. இங்கே வெளியிலிருந்து வந்த ஒன்று இரும்பின்மேல் உட்காருகிறது. இரண்டும் பார்வைக்கு நெருங்கினாலும் உறுதியில் நெருங்காததற்கு இதுவே காரணம். உறையில் தொடர்ந்து உரசினால் குளிர்முறை நிறம் விரைவில் போய்விடும். துருவைத் தடுக்கும் வலிமையும் அதற்குக் குறைவு. செலீனியச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உள்ளவை என்பதால், நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். சமையலறை மேடை இதற்கான இடம் அல்ல. பயன்படுத்திய பஞ்சையும் மிச்ச மருந்தையும் உங்கள் ஊரில் வீட்டு இரசாயனக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இந்த வேலை திட்டுத்திட்டாகப் போவதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் எண்ணெய்ப் பிசுக்குதான். விரல் ரேகை பட்டால்கூட அந்த ரேகையின் வடிவத்திலேயே மருந்து பிடிக்காமல் போகும். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து, துணி அழுக்காகாமல் வெளிவரும்வரை துடையுங்கள். இரும்புப் பஞ்சு துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதன்மேலேயே எண்ணெய் தடவி விற்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிறம் கொடுக்கும் கட்டத்தில் பயன்படுத்தும் பஞ்சையும் அசிட்டோனில் அலசிக் காயவையுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவி முற்றிலும் போனபிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பிறகு ஹேர் டிரையரால், தொட்டால் வெதுவெதுப்பாக உணரும் அளவுக்கு இரும்பைச் சூடாக்குங்கள். வெதுவெதுப்பான இரும்பில் நிறம் ஆழமாகவும் சீராகவும் பிடிக்கும். மருந்தைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல், வேண்டிய அளவைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, வெளுத்த இடத்தின் நடுவிலிருந்து தொடங்கி விளிம்பைத் தாண்டிப் பழைய நிறத்தின்மேல் கொஞ்சம் படரும்படி, இடைவிடாமல் ஒரே ஓட்டமாகத் தடவுங்கள். புட்டியின் மேல் எழுதியிருக்கும் நேரம், வழக்கமாக ஒரு நிமிட அளவு, கழிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துடைத்து, உலர்ந்த இரும்புப் பஞ்சால் மேலோட்டமாக நீவினால் ஒட்டாத கரித்தூள் வந்துவிடும். முதல் முறை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். மனம் தளராமல் மூன்று முதல் ஐந்து முறை திரும்பச் செய்தால் கருமை ஏறும். அதற்குமேல் ஏறாது, வலிந்து செய்தால் முன்பு ஏறியதையே அரிக்கும்.

கடைசிப் படியைத் தவறவிடுபவர்கள் மிகப் பலர். மருந்தின் அமிலம் ஒரு துளி தங்கினாலும், மறுநாள் காலையில் அந்த இடமெல்லாம் புதுத்துரு பூத்து நிற்கும். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, அதில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து, ஹேர் டிரையரால் மூலைமுடுக்கெல்லாம் உலர்த்துங்கள். உடனே எண்ணெயை வழிய வழியத் தடவி ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு, மேலும் இரண்டு மூன்று நாட்களுக்குத் தினமும் பார்த்து எண்ணெய் தடவிவாருங்கள்.

மருந்து படக் கூடாத இடங்கள் உண்டு. குழலின் உட்புறமும் சிலிண்டரின் ஆறு அறைகளும் முதலில் வருவன. அவற்றுக்குப் பஞ்சடைப்பு வைத்துவிடுங்கள். பழைய மாடல் 10 ஆக இருந்தால் அதன் சுத்தியலிலும் விசையிலும் பழுப்பும் நீலமும் சாம்பலும் கலந்த மேகம்போன்ற சாயல் தெரியும். அது அழுக்கு அல்ல. மேற்பரப்பைக் கடினமாக்கும்போது வந்த நிறம். அதைக் கருப்பாக்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது. கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும் வரிசை எண்ணை அராவுவதோ மறைப்பதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எண் நீக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். எந்தக் காவல்துறையுடையது என்று பொறித்த முத்திரை இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். அதுதான் இந்த ரிவால்வரின் வாழ்க்கைக் குறிப்பு.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் உங்கள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அது 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைவது. ஏசி ஓடும் வீட்டில் இடுக்குகளில் கட்டியாகி நிற்கும், நாளடைவில் சிக்குப்பிடித்து அமிலத்தன்மையும் அடையும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்கூட இதைவிட மேல். வெளிப்புறத்துக்கு, 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பயன்பாட்டுக்காக உருவாக்கப்பட்ட நுண்படிக மெழுகு வகையை நான் மிகவும் விரும்புகிறேன். மெல்லிய பூச்சாகத் தடவித் துடைத்தால் விரல் ரேகையும் ஈரமும் ஒட்டாது. தோலுறைக்குள் போட்டு நெடுநாள் வைக்காதீர்கள், பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் ஈரமும் சேர்ந்து நீங்கள் செய்த வேலையையெல்லாம் அழித்துவிடும். பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். அறைகளுக்குள் எண்ணெய் தேங்கி நிற்கவும் விடாதீர்கள். அது தோட்டாவின் பின்புறத் தீமூட்டிக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

முழு ரிவால்வரையும் புதிதுபோல் ஆக்க வேண்டுமென்றே ஆசைப்பட்டால், உரிமம் பெற்ற பட்டறையில் கொடுத்துச் சூட்டுமுறையில் மீண்டும் நிறமேற்றுவதுதான் வழி. கொதிக்கும் காஸ்டிக் கரைசலை வீட்டில் வைத்துச் செய்ய நினைக்காதீர்கள், உயிரோடு விளையாடும் வேலை அது. பட்டறைக்கூலி, நீங்கள் ரிவால்வருக்குக் கொடுத்த விலையில் கணிசமான பங்கைத் தொடும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதுவே 1955 இல் வெளிவரத் தொடங்கிய, கோல்ட் (Colt) நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் வரிசையில் பழையதொன்றாகவோ, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அரிய துப்பாக்கியாகவோ இருந்திருந்தால், எண்ணெய்த் துணியைத் தவிர எதையும் எடுக்காதீர்கள் என்று ஒரே வரியில் பதிலை முடித்திருப்பேன். அத்தகையவற்றில் தேய்ந்த அசல் நிறத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, புதிதாக ஏற்றிய நிறத்துக்குக் கிடைக்காது.

கேள்வி: அரிசோனாவில் இருக்கிறேன். பழைய ஹெரிடேஜ் ரஃப் ரைடர் 0.22 ரிவால்வரின் உடல்சட்டத்தில் கருப்பு உரிந்து வெள்ளி நிறம் தெரிகிறது. குளிர்முறை மருந்தை ஐந்து முறை தடவியும் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் சொரசொரவென்று கறைதான் படிந்தது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே நீக்கியிருந்தேன். மருந்து போலியா?

பதில்: மருந்தின்மேல் தவறில்லை. வீட்டிலுள்ள ஒரு காந்தத்தை அந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அந்த ரிவால்வரின் குழலும் சிலிண்டரும் எஃகு. உடல்சட்டமோ துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரும்பே இல்லாத இடத்தில், இரும்புக்கான மருந்து வேலை செய்யாது. மேலும் தடவினால் அமிலம் கலவையை அரிக்கும் என்பதால் உடனே நிறுத்திவிட்டு, ஆப்பச் சோடா நீரால் துடைத்துக் கழுவி உலர்த்துங்கள்.

அந்தச் சட்டத்தின் கருப்பு, பூச்சு வகையைச் சேர்ந்தது; பூச்சுக்குப் பூச்சுதான் மருந்து. சிறு உரிசல்களுக்கு, உலோகத்துக்கான மங்கல் கருப்பு எனாமல் வர்ணத்தை மெல்லிய தூரிகையால் இரண்டு முறை தொட்டுவைத்தால் போதுமானது. அடுப்பில் வைத்துச் சுடவேண்டிய பூச்சு வகைகளை நாடினால், இந்தக் கலவை எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். அலுமினியச் சட்டமுள்ள இலகுவகை ரிவால்வர்களிலும் இரும்புக்கான மருந்து பிடிக்காது. அலுமினியத்துக்கென்றே வேறு கருப்பு மருந்து உண்டு. சூட்டுமுறைத் தொட்டியின் காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தை முக்கினால் அது கரைந்தே போகும். துருப்பிடிக்காத எஃகிலும் இந்த மருந்துகள் நிறம் கொடுக்காது; அதில் விழுந்த கீறலைப் பழைய மெருகின் திசையிலேயே நுண்ணிய பஞ்சால் நீவிக்கொள்ளலாம். ஆகவே எந்தத் துப்பாக்கியானாலும் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்னால் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். காந்தம் ஒட்டுவதாலேயே மருந்து பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது, துருப்பிடிக்காத எஃகிலும் சிலவகை காந்தத்தை இழுக்கும். ஆனால் ஒட்டவில்லை என்றால் இரும்பு மருந்து வீண் என்பது உறுதி.

கேள்வி: கோயம்புத்தூர் மாவட்டத்தில் எங்கள் தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர் ஒன்று அப்பாவின் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. நிறம் முழுவதும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் குரோம் பூசித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5 ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். பைக் உதிரிப்பாகங்களுக்குக் குரோம் பூசும் பட்டறையிடம் அது இருக்காது. சட்டம் ஒருபுறமிருக்க, பூச்சுக்கு முன் அங்கே அமிலத்தொட்டியில் முக்குவதும் சக்கரத்தில் தேய்ப்பதும் பொறிப்புகளை மங்கச் செய்யும். வரிசை எண்ணையோ பெயரையோ அழிப்பதையும் மாற்றுவதையும் அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு தடைசெய்கிறது.

பழுதுபார்க்கும் உரிமமுள்ள ஆயுத விற்பனையாளரிடம் அப்பாவே எடுத்துச் செல்லட்டும். நீங்கள் கொண்டுபோக வேண்டுமானால் அவர் உடன் இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி உங்கள் கையில் இருக்க வேண்டும். அங்கே முதலில் இயக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை வீட்டில் மெல்லிய இயந்திர எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவந்தால் போதும்.